ஒற்றை ஃபோட்டானைக் கட்டுப்படுத்துவது எப்படி? நேரியலற்ற ஒளிக் கேவிட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் கணினி பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஒளியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாமே, ஏன் இன்னும் போடவில்லை?" நல்ல கேள்வி. ஃபோட்டான் எளிதில் கெடுவதில்லை, ஒளியிழையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், அறை வெப்பநிலையிலும் தன் குவாண்டம் நிலையைக் காப்பாற்றிக்கொள்ளும். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். ஒரு ஃபோட்டான் இன்னொன்றைக் கண்டுகொள்ளாது. ஒளியைச் சிறைவைக்கும் கேவிட்டிகளைக் கொண்டு அதைக் கண்டுகொள்ள வைக்க நடக்கும் முயற்சிகளைப் பற்றித்தான் இந்தப் பக்கம். பிளஸ் டூ இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

ஃபோட்டானைக் "கட்டுப்படுத்துவது" என்றால் என்ன?

இந்தச் சொல்லில் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. செய்திகளில் மூன்றையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, கண்ணாடி, ஒளிபிரிப்பான், தளவிளைவை மாற்றும் தகடு இவற்றைக் கொண்டு ஒரு ஃபோட்டானின் பாதையையோ தளவிளைவையோ மாற்றுவது. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

இரண்டாவது, வலிமையான லேசர் ஒளியைக் கூடவே அனுப்பி, ஒரு ஃபோட்டானின் அதிர்வெண்ணை மாற்றுவது. இதை 1990-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பிரேம் குமார் கோட்பாடாக முன்வைத்தார். 1992-இல் அவர் குழுவே சோதனையில் காட்டியது. இன்று இது வளர்ந்த தொழில்நுட்பம். வைரத்தின் குறைபாட்டு மையங்களிலிருந்து வரும் சிவப்பு ஃபோட்டானை, ஒளியிழையில் நன்றாகப் பயணிக்கும் 1550 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மாற்றுவது இப்படித்தான். இங்கே பாரம் முழுவதையும் லேசர் சுமக்கிறது. அதில் கோடானுகோடி ஃபோட்டான்கள் இருப்பதால் படிகத்தின் விளைவு பலவீனமாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவதுதான் வம்பு. ஒரே ஒரு ஃபோட்டானைக் கொண்டு இன்னொரு ஃபோட்டானின் நிலையை மாற்றுவது. கணினிக்குத் தேவைப்படும் தர்க்க வாயில் இதுதான்: "முதல் ஃபோட்டான் இங்கே இருந்தால் மட்டும் இரண்டாவதன் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) 180 பாகை திருப்பு."

வெட்டவெளியில் இரண்டு ஒளிக்கற்றைகள் மோதினால் ஒன்றுமே ஆகாதா?

நடைமுறையில் ஒன்றும் ஆகாது. இரண்டு டார்ச் ஒளிகளைக் குறுக்கே விட்டுப் பாருங்கள், ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். குவாண்டம் மின்னியக்கவியல்படி மிக மிகச் சிறிய ஒரு சிதறல் உண்டு. அதற்கான முதல் நேரடிச் சான்றை 2017-இல் செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் குழு வெளியிட்டது. அதற்கு ஈய அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளி வேகத்தில் ஒன்றையொன்று உரச விட வேண்டியிருந்தது. கணினி கட்ட உதவாது.

பொருளுக்குள் மட்டும் எப்படி நடக்கிறது?

ஒளி படிகத்துக்குள் போகும்போது அதன் மின்புலம் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆட்டம் சிறியதாக இருக்கும்வரை புலத்துக்கும் ஆட்டத்துக்கும் நேர்விகிதம். அதுவே நேரியல் ஒளியியல். புலம் பெரிதானால் விகிதம் பிசகும். அந்தப் பிசகல்தான் நேரியலற்ற விளைவு. இதில் இரண்டு வகைகள் நமக்கு முக்கியம். ஒன்று, புலத்தின் இருபடியைச் சார்ந்தது: இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து இரட்டை அதிர்வெண் கொண்ட ஒரே ஃபோட்டானாக மாறும், அல்லது அது திரும்பப் பிரியும். மற்றது முப்படியைச் சார்ந்தது: ஒளியின் செறிவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண்ணே மாறும். இது கெர் விளைவு. ஜான் கெர் 1875-இல் கண்டறிந்த மின்புல விளைவின் ஒளி வடிவம்.

முதல் வகையை 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு காட்டியது. 694 நானோமீட்டர் ரூபி லேசர் ஒளியைக் குவார்ட்ஸுக்குள் அனுப்பினார்கள். 347 நானோமீட்டரில் புற ஊதா ஒளி வந்தது. கட்டுரையில் அந்தப் புற ஊதா ஒளி படத்தட்டில் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. அச்சுக்குத் தயார் செய்தவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்கள். கண்டுபிடிப்பை விட்டுவிட்டு அம்புக்குறியை மட்டும் அச்சிட்ட கட்டுரை என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அத்தனை வலிமையான லேசருக்கே கிடைத்தது ஒரு புள்ளி. ஒரே ஒரு ஃபோட்டானுக்கு என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 0.8 எலக்ட்ரான்வோல்ட். அதைச் சிலிக்கானுக்குள் ஒரு அலைநீளம் அளவுள்ள கனசதுரத்தில் அடைத்தால், அதன் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 80,000 வோல்ட். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் புலம் மீட்டருக்குச் சுமார் 50,000 கோடி வோல்ட். நம் ஃபோட்டான் தரும் அசைவு அதில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான்.

சரி, கேவிட்டி இங்கே என்ன செய்கிறது?

கேவிட்டி என்பது ஒளியைச் சிறைவைக்கும் இடம். எதிரெதிரே இரண்டு கண்ணாடிகளாக இருக்கலாம், சில்லின் (சிப்) மேல் செதுக்கிய சின்ன வளையமாக இருக்கலாம், வரிசையாகத் துளை போட்ட சிலிக்கான் தகடாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் அது இரண்டு உதவிகள் செய்கிறது. ஒளியைச் சிறிய கன அளவுக்குள் நெருக்குகிறது, அதனால் ஒரு ஃபோட்டானின் மின்புலம் கூடுகிறது. அப்புறம், ஒளியை நெடுநேரம் வைத்திருக்கிறது, அதனால் சிறிய விளைவும் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது.

வைத்திருக்கும் நேரத்தைக் கியூ மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். 1550 நானோமீட்டரில் கியூ 1 கோடி என்றால் ஃபோட்டானின் ஆயுள் சுமார் 8 நானோவினாடி. அதற்குள் வெட்டவெளியில் இரண்டரை மீட்டர் போயிருக்கும். இங்கேயோ ஒரு மைக்ரோமீட்டர் இடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில் சுசுமு நோடா குழு 2017-இல் சிலிக்கான் துளைத்தகடுக் கேவிட்டியில் 1.1 கோடி கியூவைத் தொட்டது.

வளையக் கேவிட்டிகளில் ஒளி ஓரத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு சுற்றும். இதற்கு முன்னோடி ஒலியில் இருக்கிறது: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் முணுமுணுப்பு மாடம். சுவரோரம் மெல்லப் பேசினால் வட்டத்தின் எதிர்ப்பக்கம் கேட்கும். ரேலி பிரபு இதற்கு விளக்கம் தந்திருந்தார். 1921-இல் இங்கிலாந்து போன சி. வி. ராமன் அதே மாடத்தில் ஒலியை அளந்து, விளக்கத்தில் விடுபட்டவற்றைக் கட்டுரையாக்கினார். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து ஒளிச்சிதறலுக்குள் இறங்கிய அதே பயணம்தான். கடல் கதை எல்லோருக்கும் தெரியும், மாடத்துக் கதையை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் கியூ மதிப்பு கூடக்கூட நல்லதுதானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கழுத்து குறுகிய குடுவையில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான்: எளிதில் சிந்தாது, ஆனால் எளிதில் உள்ளேயும் இறங்காது. கியூ அதிகமுள்ள கேவிட்டி மிகக் குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டுமே ஏற்கும். குறுந்துடிப்பாக வரும் ஃபோட்டானின் பட்டை அகலமானது. பெரும்பகுதி வாசலிலேயே திரும்பிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கேவிட்டியிலிருந்து ஒளி கசியும்போது அதன் செறிவு திடீரென ஆரம்பித்துப் படிப்படியாகக் குறையும். அதையே காலத்தில் தலைகீழாக்கிப் பாருங்கள்: மெல்ல வளர்ந்து திடீரென நிற்கும் துடிப்பு. அந்த வடிவத்தில் வரும் ஃபோட்டானை மட்டும்தான் ஒரு நிலையான கேவிட்டி முழுதாக விழுங்கும். வழக்கமான ஒளிமூலங்கள் தருவது நேர் எதிர் வடிவம். இந்த வடிவப் பிரச்சினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

அணுவைக் கேவிட்டிக்குள் வைத்து இதை எப்போதோ செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

உண்மைதான், இந்தத் துறையின் சாதனைகளில் பெரும்பகுதி அங்கேதான். படிகத்தின் பலவீனமான விளைவுக்குப் பதிலாக, ஒத்ததிர்வில் இருக்கும் ஒற்றை அணுவைப் பயன்படுத்துவது. அணுவால் ஒரு சமயத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் உறிஞ்ச முடியும். இதைவிடக் கடுமையான நேரியலின்மை கிடையாது.

வெற்றுக் கேவிட்டியில் 1, 2, 3 ஃபோட்டான்களுக்கான ஆற்றல் மட்டங்கள் சம இடைவெளியில் இருக்கும். அணு சேர்ந்ததும் ஒவ்வொரு மட்டமும் இரண்டாகப் பிளக்கும். ஜேன்ஸும் கமிங்ஸும் 1963-இல் எழுதிய மாதிரியின்படி, பிளவின் அளவு ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் இடைவெளிகள் சமமில்லாமல் போகின்றன. முதல் ஃபோட்டானுக்குச் சரியாகப் பொருந்தும் லேசர் அதிர்வெண் இரண்டாவதற்குப் பொருந்தாது. முதலாவது வெளியேறும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் ஃபோட்டான் தடுப்பு. 1997-இல் இமாமோக்லுவும் கூட்டாளிகளும் முன்மொழிந்தார்கள்.

2005-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கிம்பிள் குழு இதைச் செய்து காட்டியது. 42 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இரண்டு கண்ணாடிகள், நடுவே ஒரே ஒரு சீசியம் அணு. அணுவும் ஒளியும் ஆற்றலைப் பரிமாறும் வீதம் 34 மெகாஹெர்ட்ஸ். கேவிட்டியின் கசிவு 4.1, அணுவின் சிதைவு 2.6. பரிமாற்றம் இழப்புகளை இவ்வளவு தாண்டி இருந்ததால்தான் தடுப்பு வேலை செய்தது. வெளியே வந்த ஒளியில் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வரும் வாய்ப்பு, சாதாரண லேசர் ஒளியோடு ஒப்பிட்டால் 0.13 பங்குதான். 2008-இல் ஸ்டான்ஃபோர்டில் எலேனா வூச்கோவிச் குழு அணுவுக்குப் பதில் குவாண்டம் புள்ளியை (அணுவைப் போல நடந்துகொள்ளும் நானோ அளவுக் குறைகடத்தித் துணுக்கை) வைத்து, சில்லுக்குள்ளேயே இதே விளைவைக் காட்டியது.

ஃபோட்டான்–ஃபோட்டான் வாயில் உண்மையிலேயே இயங்கியிருக்கிறதா?

இயங்கியிருக்கிறது. கிம்பிள் குழு 1995-லேயே ஒரு ஃபோட்டானால் இன்னொன்றின் கட்டத்தைச் சுமார் 16 பாகை திருப்பியது. தேவை 180. அந்த இடைவெளியைத் தாண்ட இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

2016-இல் ஜெர்மனியின் கார்சிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ரெம்பே குழு முழு வாயிலையும் காட்டியது. அவர்கள் செய்த தந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு ஃபோட்டான்களும் கேவிட்டிக்குள் சந்திப்பதே இல்லை! முதல் ஃபோட்டான் வந்து கேவிட்டியில் பட்டுத் திரும்புகிறது. உள்ளே இருக்கும் ருபிடியம் அணு ஒரு நிலையில் இருந்தால் ஃபோட்டான் உள்ளே போகாமலே திரும்பும். மற்ற நிலையில் இருந்தால் உள்ளே போய்வரும், அப்போது கட்டம் 180 பாகை மாறும். அடுத்து அணுவை லேசரால் திருப்புகிறார்கள். இரண்டாவது ஃபோட்டான் வந்து பட்டுத் திரும்புகிறது. மறுபடி அணுவைத் திருப்பி, கடைசியில் அதன் நிலையை அளக்கிறார்கள். அளவீட்டின் விடையைப் பொறுத்து முதல் ஃபோட்டானுக்கு ஒரு திருத்தம் தர வேண்டும். அதுவரை அது எங்கே இருக்கும்? 1.2 கிலோமீட்டர் ஒளியிழைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் கிடைக்கும் அவகாசம் சுமார் 6 மைக்ரோவினாடி.

அணுதான் இங்கே தரகர். சராசரித் துல்லியம் சுமார் 76 சதவீதம். கணினிக்குத் தேவையான 99-க்கும் மேற்பட்ட சதவீதத்திலிருந்து இது வெகுதூரம். ஆனாலும் என் பார்வையில் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான்.

பிறகு ஏன் அணு வேண்டாம், படிகமே போதும் என்கிறார்கள்?

ஒற்றை அணுவைப் பிடித்துவைக்க வெற்றிடக் கலன், பல லேசர்கள், ஆய்வு மாணவர்களின் பொறுமை எல்லாம் வேண்டும். அப்படி ஆயிரம் கேவிட்டிகளை ஒரு சில்லில் அடுக்க முடியாது. குவாண்டம் புள்ளிகளைச் சில்லில் வளர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அதிர்வெண்ணில் இருக்கும், குளிரூட்டலும் வேண்டும்.

லித்தியம் நயோபேட், காலியம் ஆர்செனைடு போன்ற படிகங்களுக்கு இந்த வம்பு இல்லை. அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். காரணம் எளிது: அறையின் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான்வோல்ட், நம் ஃபோட்டானுடையது 0.8. அந்த வெப்பத்தால் கேவிட்டிக்குள் தானாக ஒரு ஃபோட்டான் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ பூஜ்யம். மீக்கடத்திச் சுற்றுகளில் உலவும் மைக்ரோஅலை ஃபோட்டான்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே நேரியலின்மை தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் முழுக் கருவியையும் கெல்வினில் நூற்றில் ஓரிரு பங்கு வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு திருத்தம் மட்டும். படிகச் சில்லு அறை வெப்பநிலையில் இயங்கினாலும், கடைசியில் ஃபோட்டானை எண்ணும் நல்ல மீக்கடத்திக் கம்பி உணர்விகளுக்குச் சில கெல்வின் குளிர் வேண்டும். "முழுக்க அறை வெப்பநிலை" என்ற விளம்பர வாசகத்தைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிகத்தின் நேரியலின்மையைப் போதுமான அளவு வலுவாக்கிவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். செய்திக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடும் கேள்வியும் இதுதான்.

எண்பதுகளிலிருந்து பலரும் நம்பியது இது: கெர் விளைவு மட்டும் வலுவாக இருந்தால் போதும், இரண்டு ஃபோட்டான்களை அருகருகே ஓடவிட்டால் 180 பாகை கட்டமாற்றம் வந்துவிடும், வாயில் தயார். 2006-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெஃப்ரி ஷப்பிரோ எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கையில் கல்லைப் போட்டது. ஒற்றை ஃபோட்டான் கெர் விளைவு குவாண்டம் கணிப்புக்கு உதவாது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

காரணம் இதுதான். ஃபோட்டான் ஒரு புள்ளி இல்லை, காலத்தில் பரவிய ஒரு துடிப்பு. படிகம் உடனடியாகப் பதில் தருவதாக இருந்தால், இரண்டு ஃபோட்டான்களும் அந்தந்தக் கணத்தில் ஒரே இடத்தில் இருக்கும் பகுதிக்கு மட்டும் கட்டம் மாறும், மற்ற பகுதிக்கு மாறாது. துடிப்பு முழுவதற்கும் ஒரே சீரான கட்டமாற்றம் கிடைக்காது. படிகம் மெதுவாகப் பதில் தருவதாக இருந்தாலோ, அந்தத் தாமதத்தோடு தவிர்க்க முடியாத இரைச்சல் வந்து துல்லியத்தைக் கெடுக்கிறது. 2010-இல் ஜூலியோ கேயா-பனாக்லோச்சே வேறு வழியில் போய் இதே மாதிரியான முடிவுக்கு வந்தார்: பல அதிர்வெண்கள் கலந்த துடிப்பாகப் பார்த்தால் பெரிய கட்டமாற்றம் வராது.

கேவிட்டிக்குள் வைத்தாலும் இதே தலைவலி. ஒரு ஃபோட்டான் மட்டும் போய்வந்தால் ஒரு வடிவத்தில் வெளியே வரும். இரண்டும் சேர்ந்து போனால் வேறு வடிவத்தில் வரும். வடிவத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்றால், குவாண்டம் தகவல் அங்கே கசிந்துவிட்டது என்று பொருள். அடுத்த வாயிலில் இந்த ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று சரியாகக் குறுக்கிடாது.

ஆக, வலிமை மட்டும் போதாது. போனது போனபடியே திரும்பி வர வேண்டும்.

இதற்கு வழி?

கேவிட்டியின் கதவைத் திறந்து மூட முடிய வேண்டும். ஃபோட்டான் வரும்போது வாசல் திறந்திருக்க வேண்டும், உள்ளே வந்ததும் மூட வேண்டும், வேலை முடிந்ததும் வந்த வடிவத்திலேயே வெளியே விட வேண்டும். நோடா குழு 2007-லேயே ஒரு சிலிக்கான் கேவிட்டியின் கியூ மதிப்பைப் பிகோவினாடிக் கணக்கில் மாற்றிக் காட்டியது. ஆகவே இது வெறும் கற்பனை இல்லை.

2020-இல் மிக்கெல் ஹெயுக், கர்ட் ஜேக்கப்ஸ், டர்க் எங்லண்ட் மூவரும் இதை முழு வாயிலாக வரைந்தார்கள். அது ஒரு கோட்பாட்டு வடிவமைப்பு, சோதனை இல்லை. கேவிட்டியில் பல மோடுகள், அதாவது ஒளி உள்ளே தங்கி அதிரக்கூடிய வெவ்வேறு வடிவங்கள். ஒரு மோடு வெளியே உள்ள அலைவழியோடு நன்றாக இணைந்தது, அதுதான் வாசல். இன்னொன்று வெளியோடு தொடர்பே இல்லாதது, அதுதான் உள்ளறை. இரண்டுக்கும் நடுவே ஃபோட்டானை நகர்த்துவது வலிமையான லேசர் துடிப்பு. லேசரின் வடிவத்தைச் சரியாக அமைத்தால், வரும் துடிப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும் உள்ளறைக்குள் முழுதாகப் போய்ச் சேரும். லேசரை அணைத்தால் கதவு மூடியது. அதையே காலத்தில் தலைகீழாக ஓட்டினால் ஃபோட்டான் பழைய வடிவத்தில் வெளியே வரும்.

கவனித்தீர்களா? முதல் கேள்வியில் "வளர்ந்த தொழில்நுட்பம்" என்று சொன்ன இரண்டாவது வகைக் கட்டுப்பாட்டை வைத்து, கடினமான மூன்றாவது வகையைத் தீர்க்கிறார்கள். பலவீனமான நேரியலின்மைக்கு லேசரைத் துணைக்கு அழைத்துக் கதவாக்கிவிட்டு, உள்ளறையில் ஃபோட்டான்கள் தனியாக இருக்கும்போது மட்டும் அசல் ஃபோட்டான்–ஃபோட்டான் விளைவை நம்புகிறார்கள். உள்ளறையில் ஒரே ஒரு மோடுதான் என்பதால் துடிப்பின் வடிவம் என்ற பேச்சே அங்கே இல்லை. ஷப்பிரோ காட்டிய தடை பொருந்தும் இடத்தையே விட்டு விலகிவிடுகிறார்கள்.

உள்ளறைக்குள் என்ன நடக்கிறது?

இருபடி வகைப் படிகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபோட்டான் மட்டும் இருந்தால் இணைவதற்குத் துணை இல்லை, சும்மா இருக்கும். இரண்டு இருந்தால் அவை சேர்ந்து இரட்டை அதிர்வெண் ஃபோட்டான் ஒன்றாக மாறும். கொஞ்சம் பொறுத்தால் திரும்ப இரண்டாகப் பிரியும். இந்தச் சுற்று ஒருமுறை முடிந்ததும் நிலை பழையபடி ஆகிவிடும், ஆனால் முன்னால் ஒரு கழித்தல் குறி சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டிய 180 பாகை அதுதான். யாரும் அளக்க வேண்டாம், தரகரும் வேண்டாம்.

இனி எண்கள். இரண்டு ஃபோட்டான்கள் இணையும் வீதம் 1 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 0.35 மைக்ரோவினாடி. கியூ 1 கோடி உள்ள கேவிட்டியில் ஃபோட்டானின் ஆயுள் 8 நானோவினாடிதான் என்று பார்த்தோம். சுற்று முடிவதற்குள் ஆயுளைப் போல் 43 மடங்கு நேரம் ஓடிவிடும். ஃபோட்டான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு ஃபோட்டானுக்கு நூற்றில் ஒரு பங்கு இழப்பை மட்டும் பொறுத்துக்கொள்வது என்றால் ஆயுள் 35 மைக்ரோவினாடியாக வேண்டும், அதாவது கியூ சுமார் 4,300 கோடி. இணையும் வீதத்தைப் பத்து மடங்காக்கினால் கியூ தேவையும் பத்தில் ஒன்றாகும். இரண்டு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வர வேண்டிய சுரங்கம் இது.

இப்போது எங்கே இருக்கிறோம்?

இந்தத் துறையில் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: இணையும் வீதத்தைக் கசிவு வீதத்தால் வகுத்தால் வரும் விகிதம். அது ஒன்றைத் தாண்டினால்தான் ஒற்றை ஃபோட்டான் விளைவு தெளிவாகத் தெரியும். வாயிலுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹாங் டாங் குழு லித்தியம் நயோபேட் வளையத்தில் இதை 1 சதவீதத்துக்கு அருகே கொண்டுவந்தது. 2022-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கெஜி ஃபாங் குழு இண்டியம் காலியம் ஃபாஸ்ஃபைடில் 1.5 சதவீதத்தை எட்டியது. ஒற்றை அணுவைக் கொண்டு கிம்பிள் குழு 2005-இல் செய்ததோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் மோட்டின் கன அளவை அலைநீளத்துக்கும் கீழே நெருக்கும் வடிவங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எங்லண்ட் குழுவே 2017-இல் அப்படி ஒன்றை முன்மொழிந்தது. அதன் நுனி சில நானோமீட்டர் அகலம்தான். அதைச் செதுக்கும்போது மேற்பரப்பு கொஞ்சம் கரடாக இருந்தாலும் கியூ சரிந்துவிடும் என்பதுதான் வேதனை.

பலவீனமான நேரியலின்மையை வைத்தே தடுப்பு காட்டியதாகப் படித்தேனே?

அது வேறு சங்கதி. 2010-இல் லியூவும் சவோனாவும் சொன்னது: இரண்டு கேவிட்டிகளை இணைத்தால், இரண்டு ஃபோட்டான் நிலைக்குப் போகும் இரு பாதைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். 2018-இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. ஒன்று குவாண்டம் புள்ளியில், இன்னொன்று மைக்ரோஅலையில். இதில் கிடைக்கும் ஒளி மிக மங்கலாக இருக்கும். ஒளிமூலமாகப் பயன்படலாம். வாயிலாக ஆகாது.

ஃபோட்டானை அழிக்காமல் அது வந்துபோனதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். பாரிசில் செர்ஜ் அரோஷ் குழு இரண்டு மீக்கடத்திக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மைக்ரோஅலை ஃபோட்டானைச் சுமார் 0.13 வினாடி வைத்திருந்தது. அந்த நேரத்தில் ஒளி ஏறத்தாழ பூமியையே ஒரு சுற்று சுற்றிவிடும். அணுக்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பி, ஃபோட்டான் தோன்றுவதையும் மறைவதையும் 2007-இல் பதிவு செய்தார்கள். 2012 நோபல் பரிசை அரோஷ் டேவிட் வைன்லாண்டுடன் பகிர்ந்துகொண்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகே, பறந்துபோகும் ஃபோட்டானை அழிக்காமல் கண்டறிந்தது ரெம்பே குழு, 2013-இல்.

நேரியலின்மையே இல்லாமல் ஒளிக் கணினி செய்ய முடியாதா?

செய்யலாம் என்று ஆய்வாளர்கள் நில் (Knill), லஃப்லாம், மில்பர்ன் மூவரும் 2001-இல் காட்டினார்கள். ஒளிபிரிப்பான்கள், உதவி ஃபோட்டான்கள், உணர்விகள் போதும். அளவீடே நேரியலின்மையின் வேலையைச் செய்துவிடும். ஆனால் அவர்களின் அடிப்படை வாயில் 16-இல் ஒரு முறைதான் வெற்றி பெறும். தோல்வியைச் சமாளிக்க உதவி ஃபோட்டான்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சைகுவாண்டம் போன்ற நிறுவனங்கள் இந்தச் சிந்தனையின் வாரிசுகளில்தான் பணம் போட்டிருக்கின்றன. இன்றைய நிலவரத்தில் அது நியாயமான பந்தயம். கேவிட்டி வாயில் ஒருநாள் 99 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கு மாறும். அந்த நாள் அடுத்த ஓரிரு ஆண்டில் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தியாவில் 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பைதானும் அதற்கான கியூடிப் என்ற இலவசத் தொகுப்பும் போதும். இரண்டு மோடுகள் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அடிப்படை அதிர்வெண், இன்னொன்று இரட்டை. இரண்டையும் இணைக்கும் ஹாமில்டோனியனை (அமைப்பின் ஆற்றலைச் சொல்லும் கணிதக் கோவையை) எழுதி, முதல் மோட்டில் இரண்டு ஃபோட்டான்களோடு ஆரம்பித்து ஓடவிடுங்கள். நிகழ்தகவை மட்டும் வரைந்தால் கழித்தல் குறி தெரியாது, வீச்சையே வரைய வேண்டும். அப்புறம் கசிவைச் சேர்த்து, விகிதத்தை 0.015-இலிருந்து 100 வரை மாற்றிப் பாருங்கள். கசிவு சேர்ந்ததும் நிலை திசையன் போதாது, கசிவையும் சேர்த்து விவரிக்கும் அடர்த்தி அணி வேண்டும்; வெற்று நிலையும் இரண்டு ஃபோட்டான் நிலையும் கலந்த மேற்பொருந்தலில் ஆரம்பித்து, அந்த அணியில் இரண்டு ஃபோட்டான் நிலைக்கும் வெற்று நிலைக்கும் இடையிலான உறுப்பைப் பார்க்க வேண்டும். குறி அங்கேதான் இருக்கும்.